கொலைகாரன் பெயரைச் சுற்றி ஒரு வட்டம்

இதில் நான் எழுதப்போகும் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. என் வாயில் மிச்சமிருக்கும் ஏழு பற்களின் மேலும், அரசாங்கம் மாதாமாதம் எனக்கு அனுப்பும் பென்ஷனின் மேலும், சத்தியவேட்டுக்குப் பக்கத்தில் என் நைனா கூலிக்கு உழுது உழுது கடைசிக் காலத்தில் பட்டா வாங்கிய முக்கால் ஏக்கர் மேலும் ஆணையாகச் சொல்கிறேன். சத்தியம் எனக்குப் புதிதல்ல. சித்தூர் கோர்ட்டில் முப்பத்தொரு வருஷம் டவாலியாக இருந்தவன் நான். வெள்ளை உடுப்பின் குறுக்கே சிவப்புப் பட்டை போட்டுக்கொண்டு, வாசலில் நின்று கட்சிக்காரன் பெயரை மூன்று தரம் கூப்பிடுகிறவனுக்கு டவாலி என்று பெயர். அப்போது என் குரல் எப்படி இருக்கும் என்றால், ஒரு நாள் நான் இங்கே கூப்பிட்டதற்கு வேலூர் ஜெயிலில் ஒருவன் எழுந்து நின்று, “வந்துட்டேன் ஐயா” என்றானாம். ஜெயில் வார்டரே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

அந்த முப்பத்தொரு வருஷத்தில் நிஜமான கொலைகாரர்கள் எழுபது எண்பது பேரைக் கிட்டத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஒருவன்கூடப் புத்திசாலி கிடையாது. போர்வெல் தண்ணீருக்காக அண்ணனை வெட்டிவிட்டு, ஊரைவிட்டு ஓடுகிற வழியில் ஓட்டலில் உட்கார்ந்து நாலு இட்லி தின்று, சட்னி தண்ணீராக இருக்கிறதென்று கலாட்டா செய்து, அதனாலேயே மாட்டிக்கொண்டான் ஒருவன். நான் பார்த்ததில் பெரிய மூளைக்காரன் அவன்தான்.

இப்போது வருகிற க்ரைம் த்ரில்லர்களைப் பாருங்கள். மூன்று டிகிரிக்குக் குறைவாகப் படித்த கொலைகாரனே இல்லை. பிணத்தின் பக்கத்தில் செஸ் காய் வைக்கிறான். செத்தவனின் கைக்கடிகாரத்தைப் பதினோரு நிமிஷம் பின்னால் திருப்பிவைக்கிறான். விசாரிக்க வருகிற இன்ஸ்பெக்டருக்குத் தூக்கம் கிடையாது, பெண்டாட்டி கிடையாது, சர்க்கரை போடாத காப்பி மட்டும் உண்டு. இருபது பக்கத்துக்கு ஒரு தரம் மழை கொட்டுகிறது. இந்தக் கதைகளை எங்கள் சித்தூர்ப் பக்கம் நடத்தினால் மாந்தோப்புக்காரர்கள் கொலைகாரனுக்கு மாலை போடுவார்கள், மழைக்காக. சீ! ஒரு அத்தியாயம் படிப்பதற்குள் எனக்கு வயிற்றைப் புரட்டும். மாதம் ஒரு புத்தகம் என்று மூன்றரை வருஷமாகப் புரட்டிக்கொண்டிருந்தது.

நாங்கள் நாலு பேர் ஒரு செட்டு. ஒரு புத்தகத்துக்கு ஒரு பிரதிதான் வாங்குவோம். ஸ்ரீசிட்டியில் செல்போன் பாகங்கள் செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கும் தீனா, லீவு நாளில் சென்னைக்குப் போய்ப் புதிதாக வந்ததை வாங்கி வருவான். முதல் முறை அவனுக்கு. அப்புறம் திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு லாட்ஜில் ரிசப்ஷன் பார்க்கிற அலர்மேல்மங்கை அம்மாளுக்கு. அவர் அதைச் சித்தூர் பஸ்ஸில் எனக்குப் போட்டுவிடுவார். நான் படித்துவிட்டு, காணிப்பாக்கத்தைத் தாண்டி இரண்டாவது ஸ்டாப்பிங்கில் மாந்தோப்பும் நாலு மாடும் வைத்திருக்கிற கன்னியம்மாளுக்கு அனுப்புவேன். ஆளுக்கு ஐந்து நாள். கன்னியம்மாள் முடித்ததும் புத்தகம் திரும்பி வந்து என் வீட்டுப் பீரோவில் உட்கார்ந்துவிடும்.

கடைசிப் பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருப்போம். படித்தவர்கள் அதில் கையெழுத்துப் போட்டு, அடுத்தவருக்குச் சிபாரிசு எழுத வேண்டும். தீனா எல்லாவற்றுக்கும் ‘செம’ என்று எழுதுவான். நான் அதுவரை படித்த நாற்பது புத்தகத்துக்கும் ‘வேண்டாம்’ என்றுதான் எழுதியிருந்தேன்.

“வேணாம்னு எழுதிட்டு, அடுத்தது எப்ப வரும்னு நீயே போன் பண்றியேண்ணா” என்பாள் கன்னியம்மாள்.

“எவ்ளோ மோசமா கீதுன்னு பாக்கத்தான்மா” என்பேன்.

தீனாவின் சிபாரிசு சீட்டோடு நிற்காது. செல்போனைக் கட்டில் காலில் சாய்த்துவைத்து, புத்தகத்தைக் கன்னத்தோடு அணைத்துக்கொண்டு, கண்ணை முழித்து, “இதப் படிச்சுட்டு மூணு நாள் தூங்கல மக்களே! கடைசி ட்விஸ்ட்டுல கை நடுங்கிடுச்சு!” என்று வீடியோ போடுவான். பதினாலாயிரம் பேர் பார்ப்பார்கள். தூங்கவிடாத கட்டிலை எவனாவது இன்னொருவனுக்குச் சிபாரிசு செய்வானா? கை நடுங்கவைக்கிற மாத்திரையை? புத்தகத்துக்கு மட்டும் அதுதான் பெருமையாம். த்தூ.

அலர்மேல்மங்கை அம்மாள் வேறு ரகம். எந்தப் புத்தகமாக இருந்தாலும் மூன்றாவது அத்தியாயம் முடிந்ததும் எங்கள் மூவருக்கும் மெசேஜ் வரும்: “கொலை செய்தவன் யாரென்று கண்டுபிடித்துவிட்டேன். சொல்ல மாட்டேன்.” நாற்பதிலும் அவர் நினைத்தது சரியாகவே இருந்ததாம். லாட்ஜில் ரூம் கேட்டு வருகிறவன் முகத்தைப் பார்த்தே பெயரும் ஊரும் பொய்யா நிஜமா என்று சொல்லிவிடுகிறவர் அவர். அதனால் நாங்களும் நம்பினோம்.

இப்படி இருக்கையில், 2022-ஆம் வருஷம் ஆடி மாதம், கன்னியம்மாள் எனக்குப் போன் செய்தாள்.

“அண்ணா, இன்னாண்ணா இது அநியாயம்? இருபத்திமூணாம் பக்கத்துல அந்தக் கம்பவுண்டர் பேரச் சுத்தி பென்சில்ல வட்டம் போட்டுக்கீது. இன்னும் ஒருத்தனும் சாவவே இல்ல. அதுக்குள்ள இவன்தான்னு தெரிஞ்சுபோச்சு. மீதி நானூறு பக்கமும் அவன் எப்ப மாட்டுவான்னு கொட்டாவி வுட்டுக்கினே படிச்சேன்.”

“யாராவது கை தவறிப் போட்டிருப்பாங்கம்மா.”

“கை தவறி ஆறு புஸ்தகத்துலயா? ஆறுலயும் கொலகாரன் பேரு மொத மொத எங்க வருதோ, கரெக்டா அங்க. எவன்னு தெரிஞ்சா அவன் வெரல மாட்டுக்குத் தவுடு கலக்கற மாதிரி கலக்கிடுவேன்.”

எனக்கும் கோபம்தான். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுகிறவனைப் பொறுக்கலாம், பக்கத்தின் காதை மடித்துவைக்கிறவனைக்கூடப் பொறுக்கலாம். அடுத்தவர் ஆசையாகத் திறக்கப்போகிற சோற்றுக் கிண்ணத்தில் துப்பிவிட்டு மூடிவைக்கிற ஜன்மம் இது. இதை நான் கன்னியம்மாளிடம் போனிலேயே சொன்னேன்.

புரட்டாசியில் தீனா அந்தப் புத்தகத்தை வாங்கிவந்தான். ‘பதினோராம் மாடியில் பூனை இல்லை.’ அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம். பெங்களூர் அபார்ட்மெண்ட் ஒன்றில் வரிசையாக ஆள் சாகிறான். ஒவ்வொரு பிணத்தின் மடியிலும் ஒரு பூனை உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு தரமும் வேறு பூனை. இதைவிட அசிங்கமான கதையை நான் படித்ததே இல்லை. மூன்று நாளில் முன்னூற்றுப் பதினோராம் பக்கத்துக்கு வந்துவிட்டேன். சந்தேகம் ஐந்து பேர்மேல் வந்து நிற்கிறது: பல் டாக்டர், வாட்ச்மேன், சாம்பார் பொடி விற்கிற அம்மாள், இன்ஸ்பெக்டரின் மச்சான், ஒன்பதாம் பக்கத்திலேயே செத்துப்போன ஒருவனுடைய இரட்டைச் சகோதரன். சாம்பார் பொடி அம்மாள் லிஃப்டுக்குள் போகிறாள். கதவு மூடுகிறது. உள்ளே பூனை கத்துகிறது.

அந்த இடத்தில் என் வீட்டுக் காலிங்பெல் அடித்தது. திருப்பதியிலிருந்து அலர்மேல்மங்கை அம்மாள் வந்திருந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“வேணுகாரு, கூர்ச்சோண்டி. கொஞ்சம் பேசணும்” என்றார், என் வீட்டிலேயே என்னை உட்காரச் சொல்லி. “தீனாகிட்ட இருக்கறப்ப வட்டம் இல்ல. எங்கிட்ட வர்றப்பவும் இல்ல, போறப்பவும் இல்ல. ஒவ்வொரு பக்கமும் போட்டோ எடுத்து வெச்சிருக்கேன். கன்னியம்மா கையில போறப்ப வட்டம் இருக்கு. நடுவுல யாரு?”

“பஸ்ஸு இருக்குதேம்மா” என்றேன்.

“பஸ்ஸா?”

“டிரைவர் பக்கத்துலதான புஸ்தகத்த வெச்சு அனுப்பறேன்.”

“டிரைவர் வண்டி ஓட்டிக்கினே நானூறு பக்கம் படிச்சு, கொலகாரனக் கண்டுபிடிச்சு, மொதல் அத்தியாயத்துக்குத் திரும்பி வந்து வட்டம் போட்டு, கரெக்டா ஸ்டாப்பிங்ல குடுத்துட்டுப் போறாரா?”

“அந்த ரோடு அப்படிம்மா. அவ்ளோ நேரம் இருக்கும்.”

அவர் என் காதைப் பார்த்தார். காதில் எப்போதும்போல ஒரு துண்டுப் பென்சில் செருகியிருந்தது. இதற்கு ஒரு விளக்கம் சொல்லியாக வேண்டும். கோர்ட்டில் அன்றன்றைக்கு விசாரணைக்கு வருகிறவர்களின் பட்டியல் டவாலியின் கையில் இருக்கும். பெயரைக் கூப்பிட்டு, ஆள் வந்துவிட்டால், அந்தப் பெயரைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போட வேண்டும். நாளைக்கு ஐம்பது அறுபது வட்டம், முப்பத்தொரு வருஷம். ரிட்டையரான பிறகு பேப்பரில் மரண அறிவிப்பு, கல்யாணப் பத்திரிகை, மளிகைச் சீட்டு என்று எங்கே பெயரைப் பார்த்தாலும் என் கை தானாகப் போகும் என்பது நிஜம்தான். அதற்காக? நாட்டில் பென்சில் வைத்திருக்கிறவன் நான் ஒருவன்தானா? சந்தர்ப்ப சாட்சியத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாதென்று ஜட்ஜுகள் சொல்ல எத்தனை தரம் கேட்டிருக்கிறேன்!

அலர்மேல்மங்கை அம்மாள் ஜட்ஜு இல்லை. எட்டி என் மடியிலிருந்த புத்தகத்தை எடுத்துத் தோள்பையில் போட்டுக்கொண்டார்.

“அம்மா, நான் இன்னும் முடிக்கல.”

“தெரியும். முடிச்சிருந்தா வட்டம் விழுந்திருக்கும்.”

“சாம்பார் பொடி அம்மா லிஃப்டுக்குள்ள போய்க்கினு இருக்குது. அந்தக் கதவையாவது தொறந்துட்டுப் போங்க.”

“தீபாவளிக்கு மறுநாள் தீனாவுக்கும் லீவு. நாலு பேரும் காணிப்பாக்கம் போறோம். கோனேருல முழுகி, ஈரத் துணியோட சாமி முன்னாடி நின்னு ‘நான் போடல’ன்னு சொல்லுங்க. சொல்லிட்டீங்கன்னா அங்கயே புஸ்தகம் உங்க கையில. சொல்ல முடியலன்னா நம்ம செட்டுல நீங்க இல்ல. இந்தப் புஸ்தகமும் இல்ல, இனிமே வர்றதும் இல்ல.”

எங்கள் பக்கத்தில் இதற்குமேல் அப்பீல் கிடையாது. மாங்காய் திருடியவனோ, கட்சி மாறினவனோ, அடுத்தவன் பெண்டாட்டியோடு பேசினவனோ, யாராக இருந்தாலும் வாய்ச்சண்டை முற்றினால் வந்து நிற்கிற கேள்வி ஒன்றுதான்: “காணிப்பாக்கம் வர்றியா?” அந்தக் குளத்தில் முழுகியவன் வரசித்தி விநாயகர் முன்னால் பொய் சொல்ல முடியாது. குளத்திலேயே உண்மையைக் கக்கிவிடுவான் என்பார்கள். தப்பித்தவறிப் பொய் சொன்னவன் மூன்று மாதம் தாங்க மாட்டான் என்பார்கள். எதிர்க்கட்சி வக்கீல் “காணிப்பாக்கம்” என்று சும்மா சொன்னதற்கே சாட்சிகள் கழிவறைக்கு ஓடியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

தீபாவளிக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. அந்தப் பதினெட்டு நாளும் நான் பட்ட பாடு எதிரிக்கும் வர வேண்டாம். சாப்பாட்டில் உட்கார்ந்தால் சாம்பாரில் அந்த அம்மாள் முகம் தெரிந்தது. தெருவில் பூனை கத்தினால் கை நடுங்கியது. எனக்கே என்மேல் அருவருப்பு. சென்னைக்குப் போய் இன்னொரு பிரதி வாங்கலாமென்றால், பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்குமேல் உட்கார்ந்தால் முட்டி அங்கேயே தங்கிவிடும் என்று டாக்டர் எழுதியே கொடுத்திருக்கிறார். தீனாவுக்குப் போன் போட்டேன்.

“டேய் தீனா, அந்த லிஃப்டுல இன்னாடா ஆச்சு?”

“எந்த லிஃப்டு தாத்தா?”

“பதினோராம் மாடிடா! நீதான மொதல்ல படிச்ச?”

“ஆங்... அதுவா. அது செம சீன் தாத்தா.”

“செமன்னா? அந்தம்மா செத்துச்சா, இல்ல அதுதான் எல்லாரையும் சாவடிச்சுதா?”

“தாத்தா, ஸ்பாய்லர் சொல்லக் கூடாது. அது ஒரு தர்மம். என் ஃபாலோயர்ஸுக்கே நான் சொல்ல மாட்டேன்.”

“பல் டாக்டரா?”

“ஷிஃப்டுக்கு டைம் ஆச்சு தாத்தா.”

தர்மமாம்! சத்தியம் செய்வதைத் தவிர அந்தக் கதவைத் திறக்க எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

தீபாவளிக்கு மறுநாள் காலை பத்து மணிக்கு நாலு பேரும் காணிப்பாக்கத்தில் இறங்கினோம். கோயில் வாசலில் அப்படி ஒரு கூட்டத்தை நான் கண்டதில்லை. வரிசை பஸ் ஸ்டாண்டுவரை வந்து, இடம் போதாமல் ஒரு ஜூஸ் கடைக்குள் புகுந்து, பின்பக்கமாக வெளியே வந்து மறுபடி சேர்ந்தது. புத்தகம் அலர்மேல்மங்கை அம்மாளின் தோள்பையில் இருந்தது. பையிலிருந்து பூனை கத்துவது எனக்கு மட்டும் கேட்டது.

படிக்கட்டில் நின்று நான் சட்டையைக் கழற்றியதும் கன்னியம்மாள் குறுக்கே வந்தாள்.

“ஒரு நியாயம் வாணாமா? அண்ணன் மட்டும் இன்னாத்துக்கு முழுவணும்? நாலு பேரும் படிக்கறோம், நாலு பேரும் முழுவலாம். நான் ரெடி.”

மற்ற இருவர் முகமும் தொங்கிப்போனது. ஆனால் இந்த ஊரில் படிவரைக்கும் வந்துவிட்டு முழுகாமல் திரும்பினால், அதுவே வாக்குமூலம். முதலில் தீனா இறங்கினான். ஒரு முழுக்குத்தான். தலையை வெளியே எடுத்ததும் அவன் வாய் அவன் பேச்சைக் கேட்கவில்லை.

“தாத்தா, நான் ஒரு புக்கும் படிச்சதில்ல தாத்தா! பின்னட்டைய மட்டும் பாத்துட்டு வீடியோ போடுவேன். நாப்பத்தொண்ணும் அப்படித்தான். ‘மூணு நாள் தூங்கல’ன்னு சொன்னது நைட் ஷிஃப்டு தாத்தா!”

“அடச்சீ!” என்று அலர்மேல்மங்கை அம்மாள் முகத்தைச் சுளித்தார். சுளித்த வேகத்தில் கால் வழுக்கி அவரும் உள்ளே போனார். எழுந்தவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். விரல் இடுக்கு வழியாக வந்தது:

“நான் கடைசி அத்தியாயத்தத்தான் மொதல்ல படிப்பேன்! ரிசப்ஷன்லயே நின்னுக்கினு படிச்சுடுவேன். அப்புறமாத்தான் ‘கண்டுபிடிச்சுட்டேன்’னு மெசேஜ் போடுவேன்!”

நாற்பது புத்தகமாக இந்த அம்மாளின் மூளையை நினைத்து நான் மனசுக்குள் கும்பிட்டிருக்கிறேன். ‘சரியான ஆள், கோர்ட்டில் இருக்க வேண்டியவர்’ என்று அடுத்த வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். வாயைக் கழுவ வேண்டும்போல் இருந்தது.

கன்னியம்மாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுகி எழுந்தாள்.

“அண்ணா, மூட்டப்பூச்சி, கொசு, பூரான் எல்லாத்தையும் நான் புஸ்தகத்தாலதான் அடிப்பேன். ரத்தம் மாதிரி அங்கங்க அச்சடிச்சுக்கீறான், புது டிசைன் போலன்னு நீ போன மாசம் ஆச்சரியப்பட்டியே, அது டிசைன் இல்லண்ணா.”

அந்தப் பக்கத்தை நான் விரலால் தடவிப் பார்த்து மெச்சியிருந்தேன். எந்த விரல் என்று நினைவுக்கு வந்தது. அதைக் குளத்தில் நன்றாகத் தேய்த்தேன்.

எங்கள் செட்டோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. தண்ணீருக்கு அன்று என்ன வந்ததோ, பக்கத்துப் படியில் முழுகிக்கொண்டிருந்த பட்டுக்கரை வேட்டிக்காரர் ஒருவர் நெஞ்சில் அடித்துக்கொண்டு, தான் நாற்பத்தாறு நூல்களுக்கு அணிந்துரை எழுதியவர் என்றும், ஒன்றையும் பிரித்ததில்லை என்றும், இரண்டு நூல்களின் ஆசிரியர்கள் உயிரோடு இருக்கும்போதே ‘மறைந்த மேதை’ என்று எழுதிவிட்டதாகவும் கதறினார். அவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண், தான் போட்ட ஐந்து ஸ்டார் எல்லாம் தன் அத்தை பையன் புத்தகத்துக்கு என்றாள். குளத்து மீன்கள் எல்லாம் எதிர்க்கரைக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. மீனுக்கும் அருவருப்பு உண்டென்பதை அன்றுதான் பார்த்தேன்.

கடைசியாக நான் இறங்கினேன். மூன்று முழுக்கு. மூன்று பேரும் என் வாயையே பார்த்தார்கள். அணிந்துரைக்காரர் அழுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். ஒரு வார்த்தை வரவில்லை. உள்ளே இருந்தால்தானே வரும்? இன்னொன்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், என்றாலும் நடந்தது நடந்ததுதான்: கரை ஏறியபோது என் வேட்டி நனையவே இல்லை. ஈரத் துணியோடுதான் சத்தியம் செய்ய வேண்டுமென்று கன்னியம்மாள் ஒரு சொம்பு தண்ணீரை என் தலையில் ஊற்றி நனைக்க வேண்டியதாயிற்று.

சந்நிதியில் அர்ச்சகர் எதைப் பற்றிய பிரமாணம் என்று தெலுங்கில் கேட்டார். அலர்மேல்மங்கை அம்மாள் விவரம் சொன்னார். அர்ச்சகர் கற்பூரத் தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

“நெலத்துக்கு வந்துருக்காங்க, எலக்ஷனுக்கு வந்துருக்காங்க, பொம்பள விஷயத்துக்கு நித்தியம் வர்றாங்க. கத புஸ்தகத்துக்கு இன்னைக்குத்தான் பாக்கறேன்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “எந்தப் புஸ்தகம்?” என்றார்.

“பதினோராம் மாடியில் பூனை இல்லை” என்றேன்.

“நல்லாருக்கா?”

“வேண்டாம் சாமி” என்றேன். நாற்பத்தொன்று.

அவர் மறுபடி எடுத்து நீட்டிய கற்பூரத்தின் மேல் கையை வைத்து, கோர்ட்டில் கேட்டுக் கேட்டுப் பழகின தோரணையில் சொன்னேன்: “இந்தப் புத்தகத்தில் நான் எந்த வட்டமும் போடவில்லை.”

“மத்த ஆறு?” என்றார் அலர்மேல்மங்கை அம்மாள். நேற்றைக்கு வக்கீலானவர் மாதிரி.

“மத்த ஆறிலும் போடவில்லை. பென்சிலாலும் போடவில்லை, பேனாவாலும் போடவில்லை. போடச் சொல்லி யாரையும் தூண்டவும் இல்லை. போட்டவன் கை விளங்காமல் போகட்டும்.”

கற்பூரம் சாய்ந்துகூட எரியவில்லை. அர்ச்சகர் விபூதியைக் கொடுத்து அனுப்பினார். அலர்மேல்மங்கை அம்மாள் பையைத் திறந்து, புத்தகத்தை இரண்டு கையாலும் நீட்டினார்.

“மன்னிச்சுடுங்க வேணுகாரு. உங்கள நான் அப்படி நெனச்சிருக்கக் கூடாது. உண்மையான மனுஷன் நீங்க.”

“போவட்டும்மா. நீங்க மட்டும் இன்னா, தீனா மட்டும் இன்னா” என்றேன். இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் பதினெட்டு நாள் சாம்பார் சாப்பிடாதவன் நான்.

குளத்துப் படியிலேயே உட்கார்ந்து முன்னூற்றுப் பதினோராம் பக்கத்தைத் திறந்தேன். மூன்று மணி நேரத்தில் முடித்தேன். லிஃப்டில் அந்த அம்மாளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பூனைக்குப் பால் ஊற்றிவிட்டு இறங்கிப் போய்விட்டாள். கொலைகாரன் பல் டாக்டரும் இல்லை, வாட்ச்மேனும் இல்லை. ஒன்பதாம் பக்கத்தில் செத்துப்போனவனே சாகவில்லையாம்! செத்தது இரட்டையாம்! அவன் மூன்று டிகிரி படித்தவனாம், மூன்றாவது பூனை வளர்ப்பிலாம்! இதற்கா பதினெட்டு நாள்? புத்தகத்தைக் குளத்தில் வீச ஓங்கிய கையைக் கன்னியம்மாள் வந்து பிடித்துக்கொண்டாள்.

“எனக்குக் குடுண்ணா, நான் படிக்கணும்.”

கொடுத்தேன். அவள் அங்கேயே உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை தாள் தாளாகத் திருப்பிப் பார்த்தாள். ஒன்பதாம் பக்கத்தை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். வட்டம் இல்லை. ஒரு கீறல்கூட இல்லை. தீனாவும் பார்த்தான், அலர்மேல்மங்கை அம்மாளும் பார்த்தார், அணிந்துரைக்காரரும் வாங்கிப் பார்த்தார். அவர் வாழ்க்கையில் பிரித்த முதல் புத்தகம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். செட்டில் என் இடம் எனக்கே என்று நாலு பேரும் அங்கேயே முடிவு செய்தோம். அதன்பின் என்னை ஒரு வார்த்தை கேட்டவர் கிடையாது.

அந்த வருஷம் தீபாவளிக்கு மறுநாள் சூரிய கிரகணம். காலையிலிருந்து பொழுது சாய்ந்து வெகுநேரம்வரை, காளஹஸ்தியைத் தவிர எங்கள் பக்கத்தில் ஒரு கோயிலும் திறந்திருக்கவில்லை.